கைப்பட்டை கழற்றியவர்கள்

வெள்ளக்கரட்டில் எந்தப் பொதுக் காரியத்துக்கும் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுப்பு என்று வைத்தால் சாராயம் ஓடும், சாதி பேசும், கையைத் தூக்குகிறவன் மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்வான். இந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்து, ஊரில் குடியிருக்கும் பெரியவர்கள் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டது. பார்க்க ரப்பர் வளையல் போல இருக்கும். குளித்தாலும் தூங்கினாலும் கழற்றக் கூடாது. நாடியையும் வியர்வையையும் ரத்தத்தில் ஏறி இறங்குகிற சங்கதிகளையும் மோந்து பார்த்து, இந்த ஆள் இப்போது பயந்திருக்கிறானா இல்லையா என்று அது சொல்லிவிடும். மதுக்கடை திறப்பதா, கல்குவாரிக்கு விடுவதா, செல்போன் கோபுரம் நடுவதா, எதுவானாலும் ஒரு மாதம் வெள்ளோட்டம். அந்த மாதம் ஊரின் சராசரிப் பயம் குறித்த அளவுக் கோட்டைத் தாண்டினால் காரியம் கிடையாது, தாண்டாவிட்டால் உண்டு. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இதைக் காட்டுவதற்கென்றே ஒரு பெரிய பலகை. பச்சை எரிந்தால் ஊர் நிம்மதியாக இருக்கிறது, மஞ்சள் எரிந்தால் கலங்குகிறது, சிவப்பு எரிந்தால் நடுங்குகிறது. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது?

சதக்கத்துல்லாவுக்கும் நன்றாகத்தான் பட்டது. வினையே அங்கேதான் தொடங்கியது.

சதக்கு என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த மனிதர் வண்டி பேட்டரி ரிப்பேர் பார்ப்பவர். சொந்த ஊர் மஞ்சமுனை. அந்த ஊரைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களை இந்தக் கரட்டு பூமியில் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். வீடு கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கரட்டுக்குப் பின்னால் அடக்கம் செய்யக் கொஞ்சம் நிலமும் கொடுத்தார்கள். கூடி உட்கார ஓர் இடம் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். நிக்காஹ் என்றால் மாடிப்படியில் வரிசையாக நின்று பிரியாணி வாங்க வேண்டும். பெருநாள் தொழுகை என்றால் பேட்டரிக் கடை வாசலில் பாய் விரிக்க வேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு போயிருப்பார் சதக்கு. அவர் மனைவி செய்னம்பு இறந்தபோது நடந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அடக்கத்துக்கு முன்னால் மையத்தை, அதாவது இறந்தவர் உடம்பை, குளிப்பாட்ட இடம் வேண்டுமே. வீட்டுக் குளியலறையில் ஓர் ஆள் நிற்கவே கஷ்டம். கடைசியில் கீழே கார் நிறுத்துகிற இடத்தில், ரெண்டு தூணுக்கு நடுவே படுக்கை விரிப்புகளைக் கட்டி, பெண்கள் சுற்றி நின்று பிடித்துக்கொள்ள, செய்னம்புவைப் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். பட்டப்பகல், ஆடிக்காற்று. விரிப்பு ஒரு பக்கம் அவிழ்ந்து பறந்தது. மேல்மாடியிலிருந்து எவனோ ஒருத்தன் போனை நீட்டிப் படம் எடுத்தான். எதிர்வீட்டுக் கோமதிநாயகம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடி அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அதுவரை நல்லதுதான். ஆனால் முகம் தெரியாதவன் கண்முன்னால் தன் பெண்டாட்டியின் உடம்பு திறந்து கிடந்தது சதக்குவின் மனசை விட்டுப் போகவே இல்லை. ஐந்து வேளையும் அதை நினைத்துத்தான் கையேந்தினார்.

அதனால்தான் கூடம் கேட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு மண்டபம், பிள்ளைகள் ஓதுவதற்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. பின்பக்கம் நாலு சுவரும் கூரையும் கல்மேடையும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு சின்ன அறை. ஜமாஅத்தில் மற்றவர்கள் மண்டபத்தைப் பற்றிப் பேசுவார்கள். சதக்கு அந்தச் சின்ன அறையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

கேட்ட மறுவாரமே வக்கீல் மகராஜன் வந்துவிட்டார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, தணிந்த குரல், கோபப்படவே தெரியாதவர் போல ஒரு சிரிப்பு. அவரோடு ஒரு வேன், நாலு பக்கமும் ஒலிபெருக்கி. இன்றைக்குக் கூடம் என்பார்கள், நாளைக்கு ஊரே அவர்களுடையது என்பார்கள், உங்கள் பிள்ளைகள் எந்தத் தெருவில் விளையாடும் என்று யோசித்துப் பாருங்கள் என்று அந்த வேன் தெருத்தெருவாகக் கேட்டது. அதோடு வந்தவர்களில் வெள்ளக்கரட்டுக்காரன் ஒருத்தன்கூட இல்லை. சதக்கு இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

அவருடைய மைத்துனன் ஹபீபுக்கு இந்தப் பட்டைச் சோதனையே பிடிக்கவில்லை. செய்னம்புவின் தம்பி அவன், பள்ளிக்கூட வாத்தியார், சட்டம் பேசுகிறவன். கோர்ட்டுக்குப் போவோம் என்றான். கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் தன் மையத்தே எழுந்து உட்கார்ந்துவிடும் என்று சதக்கு சொல்ல, ஜமாஅத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஹபீபு சிரிக்கவில்லை.

"அடுத்த வீட்டுக்காரனுக்குப் பயமா இருக்கா இல்லையான்னு பாத்துட்டா மச்சான் நாம தொழணும்? அது நம்ம உரிமை. அதைப் போயி இரவல் கேக்கிற மாதிரி கேக்கிறியளே."

"கத்துறவன் எவனும் இந்த ஊர்க்காரன் இல்லடா. பட்டை இந்த ஊர்க்காரனைத்தான் கேக்கும். நம்ம அக்கம்பக்கத்து சனங்களை எனக்குத் தெரியும்."

பேச்சு அதோடு முடிந்தது. போதாததற்குச் சதக்கு இன்னொரு யோசனையும் சொன்னார். வெள்ளோட்டத்தை ரமலான் மாதத்தில் வைத்துக்கொள்வோம், தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சி எல்லாத் தெருவுக்கும் கொடுப்போம், ஒரு வாய் கஞ்சி குடித்தவன் நம்மைப் பார்த்து எப்படிப் பயப்படுவான் என்று கேட்டார். மஞ்சமுனையில் அப்படித்தான். கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்களாக இருப்பார்கள். ஆஹா, நல்ல யோசனை என்றார்கள் எல்லாரும். யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

கேட்ட மனையில் தகரக்கொட்டகை போட்டு, 'சமுதாயக் கூடம்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பிறை தெரிந்தது, வெள்ளோட்டம் தொடங்கியது. முதல் சில நாள் பலகையில் மஞ்சள். அது எதிர்பார்த்ததுதான் என்றாள் மங்கை. கோமதிநாயகத்தின் மகள் மங்களேஸ்வரியைத்தான் மங்கை என்பார்கள். பட்டைகளைக் கவனிக்கிற அலுவலகத்தில் வேலை. சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்னம்புவிடம் தையல் பழகியவள், சதக்குவை மாமா என்று கூப்பிடுவாள். புதுசாக எது வந்தாலும் முதலில் மஞ்சள் எரியும், நாளாக ஆகப் பச்சைக்கு வந்துவிடும் என்று தைரியம் சொன்னாள். சதக்கு பூண்டும் வெந்தயமும் தட்டிப்போட்டு அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினார். வாங்கத் தயங்கி நின்றவர்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். கோமதிநாயகம் வீட்டுத் தூக்குச்சட்டிதான் முதல் சட்டி. இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு பாய் என்று குறை வேறு சொல்வார்.

மகராஜனின் வேன் கொட்டகைக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டது. தினமும் கஞ்சி ஊற்றுகிற நேரம் பார்த்து ஒலிபெருக்கியைத் திறப்பார்கள். தலைக்கு மேலே ட்ரோன் சுற்றும், வருகிறவர்கள் முகத்தைப் படம் பிடிக்கும். ஒரு நாள் நோன்பு திறக்கிற சமயம் கூரைமேல் கல் விழுந்தது. இன்னொரு நாள் தொப்பி போட்ட பையன் ஒருவனின் படத்தை எடுத்து, இவனை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் போனுக்கும் அனுப்பினார்கள். போலீஸ் வந்து பார்த்துவிட்டு, யாரும் யாரையும் தொடவில்லையே என்று சொல்லிப் போய்விட்டது. உம்மாமார்கள் பிள்ளைகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வராவிட்டால் கூடத்தில் யாருக்கும் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். நோன்பு வேறு. அதனால் எல்லாரும் வந்தார்கள், பலகை மஞ்சளிலிருந்து இறங்கவே இல்லை.

மாதம் பாதி கழிந்ததும் சிவப்பு எரிய ஆரம்பித்தது. யார் இது? சட்டியில் வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துவிட்டு, உள்ளுக்குள் நம்மைப் பார்த்து நடுங்குகிறவர்கள் யார்? கஞ்சி ஊற்றும்போது சதக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் சிரித்தால் அது போலியாகத் தெரிந்தது. நர்சம்மா சீக்கிரம் கிளம்பினால் அதற்கொரு காரணம் இருப்பதாகப் பட்டது. கோமதிநாயகம் அன்றைக்குக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் போனதை மனசில் குறித்து வைத்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷனுக்குப் பல்வலி. சதக்கு அதைக் கேட்கவும் இல்லை, அவர் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பவும் இல்லை.

ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கோமதிநாயகமே தூக்குச்சட்டியோடு வந்தார். நம்ம வீட்டுக்கு வரலையே பாய், மறந்துட்டீங்களோ என்றார்.

"உங்க கைப்பட்டை என்ன சொல்லுதோ தெரியல அண்ணாச்சி. வயித்துக்குக் கஞ்சி, உள்ளுக்குள்ள பயம், அது எதுக்கு?" என்று கேட்டுவிட்டார் சதக்கு.

கோமதிநாயகம் வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். சதக்குவும் கூப்பிடவில்லை.

பெருநாளைக்கு முந்தின நாள் முடிவு வந்தது. ஊரின் சராசரிப் பயம் கோட்டைத் தாண்டிவிட்டது, கூடத்துக்கு அனுமதி இல்லை. மகராஜன் ஆட்கள் வெடி போட்டார்கள். கொட்டகையைப் பிரிக்கும்போது ஹபீபும் நின்று தகரத்தைத் தூக்கிக் கொடுத்தான். நான் அப்பவே சொன்னேன் என்று அவன் சொல்லியிருந்தால்கூடச் சதக்குவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெருநாள் கழித்து மங்கை பேட்டரிக் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை. அவள் அப்பா வீட்டில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்ததாகவும், நான் பயப்படவே இல்லையே, அந்தப் பாய் ஏன் அப்படிக் கேட்டார் என்று நாலைந்து தடவை கேட்டதாகவும் சொன்னாள். அதனால் அவளுக்கே சந்தேகம் வந்து, சராசரியை விட்டுவிட்டுத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அலுவலகத்தில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

"எங்க சனங்க பயம் ரெண்டாவது வாரமே அடங்கிருச்சு மாமா. கூடம் வர்றதுக்கு முந்தி இருந்ததைவிடக் கீழ போயிருச்சு. வேன் சத்தம் பழகிப்போச்சு, கஞ்சியும் பழகிப்போச்சு."

"அப்ப சிவப்பு எங்கேயிருந்தும்மா வந்துச்சு?"

மங்கை அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். சதக்குவும் பார்த்தார். அவள் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

நோன்பு இருந்த உடம்பு படபடக்குமே, அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டதோ என்று கேட்டுப் பார்த்தார். இல்லை, பசி வேறு, பயம் வேறு, பட்டைக்கு அது நன்றாகத் தெரியும் என்றாள். பட்டைக்குத் தெரியாதது ஒன்றுதான். யாருக்குப் பயம் என்று தெரியும், யாரைப் பார்த்துப் பயம் என்று தெரியாது. முஸ்லிம் தெருக்கள் அந்த மாதம் முழுக்க நடுங்கியிருக்கின்றன. சாயங்காலம் ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து கூடி, வேனுக்கு எதிரே உட்கார்ந்து, கல் எப்போது விழும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே நோன்பு திறந்திருக்கிறார்கள். அந்தப் பயம் முழுவதும் ஊரின் பயமாகக் கூட்டப்பட்டுவிட்டது. மகராஜன் வெள்ளக்கரட்டுக்காரர்களை மிரட்டவே வேண்டியிருக்கவில்லை. இவர்களை மிரட்டினால் போதும்.

ரமலானில் வைத்துக்கொள்வோம் என்று சொன்னது யார்? தினமும் கூட்டிக்கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? சதக்கு கடைக்குள்ளேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து நேராகக் கோமதிநாயகம் வீட்டுக்குப் போய், அவர் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். விடுங்க பாய், எனக்கு அன்னிக்குப் பல்லு வலிச்சுது, வேறொண்ணுமில்ல என்றார் அவர்.

ஒரு வழி இருப்பதாக மங்கைதான் சொன்னாள். சொல்லும்போதே தயங்கினாள். மதுக்கடை வெள்ளோட்டத்தில் கடைக்காரனுடைய பட்டையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அவன் சம்பந்தப்பட்டவன். அதேபோல நாங்களும் சம்பந்தப்பட்டவர்கள், எங்களை விலக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள் என்று ஜமாஅத் கேட்கலாம். ஆனால் பட்டையைக் கழற்றினால் கழற்றினதுதான். ஒரு காரியத்துக்குக் கழற்றிவிட்டு இன்னொன்றுக்கு மாட்டிக்கொள்ள முடியாது. கடைக்காரன் ஒருத்தன் என்றால் பரவாயில்லை, மஞ்சமுனைக்காரங்க நாலு தெரு மொத்தமும் என்றால் நல்லா யோசிச்சுக்கோங்க மாமா என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? சதக்குவுக்குக் கண்முன்னால் அந்தச் சின்ன அறை நின்றது. ஜமாஅத்தைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். ஹபீபு எழுந்து நின்றான்.

"அப்ப இந்த ஊர்ல எது நடந்தாலும் நம்மள யாரும் கேக்க மாட்டான். பயப்படுற உரிமையையும் கழட்டிக் குடுத்துட்டு வரச் சொல்றியளா மச்சான்?"

"பயந்து என்னத்தடா கண்டோம்? அந்தப் பயந்தானே நம்மளைக் கவுத்துச்சு. அது போனாப் போவட்டும்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். செய்னம்பு குளிப்பாட்டப்பட்ட அன்று விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் சதக்கு பக்கம். ஹபீபு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் அக்காதானே அவள்.

கோரிக்கைமேல் நடந்த விசாரணையன்று மகராஜன் மறுப்புச் சொல்வார் என்று பயந்துகொண்டு போனார்கள். அவரோ எழுந்து, அவர்கள் கேட்பது நியாயம்தான், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சதக்குவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சதக்கு வீட்டுக்கு வந்து, நாம நினைச்ச அளவுக்கு மோசமான ஆளில்லை என்றுகூடச் சொன்னார். என்ன மனுஷன் இவர், யாரையும் ஒரேயடியாகக் கெட்டவன் என்று நினைக்கத் தெரியாதவர். அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையை நீட்ட, மங்கை பட்டைகளை வெட்டி எடுத்தாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது. கை லேசாக இருக்கிறது என்று பெண்கள் சிரித்தார்கள். சிலர் அன்றே கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மறு வெள்ளோட்டத்தில் பலகை மஞ்சளுக்குக்கூடப் போகவில்லை. வேன் வந்தது, ட்ரோன் சுற்றியது, கல்லும் விழுந்தது. இவர்கள் நடுங்கத்தான் செய்தார்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் கையில் பட்டை இல்லையே. அனுமதி கிடைத்தது. கூடம் எழும்பியது. மதிலுக்குக் கோமதிநாயகம் நின்று தண்ணீர் விட்டார்.

கூடத்தில் முதலில் நடந்தது கல்யாணம் இல்லை. மஞ்சமுனையில் வலை பின்னிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் காலமானார். பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் குளிப்பாட்டினார்கள். ஜன்னல் மேலே உயரத்தில் இருந்தது, யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சதக்கு வெளியே வராந்தாவில் நின்று, உள்ளே கல்மேடையில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுகிற நேரமா அது? ஆனால் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ரமலானுக்கு முன்னால் மகராஜன் ஒரு மனு போட்டார். இந்தத் தடவை வேனும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மஞ்சமுனைக்காரர்கள் இருக்கிற தெருக்களை மட்டும் கல்குவாரிக்கு அந்தப் பக்கம், கீழக்கரட்டில் கட்டப்போகிற புதுக் குடியிருப்புக்கு மாற்றிவிடலாம். அங்கே அவர்களுக்கு விசாலமான இடம், வேண்டுமானால் கூடத்தையும் அங்கேயே பெரிசாகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு தரப்புக்கும் நிம்மதி. இதனால் ஊர் மக்களுக்கு அச்சம் உண்டா இல்லையா என்று வழக்கம்போல ஒரு மாதம் பார்த்துக்கொள்ளட்டும். மனு அவ்வளவுதான். கீழக்கரட்டில் தண்ணீர் கிடையாது, குவாரி வெடிச்சத்தம் ஓயாது, பள்ளிக்கூடம் கிடையாது என்பது மனுவில் இல்லை.

செய்தி வந்த நாளிலிருந்து நாலு தெருவிலும் அடுப்பு சரியாக எரியவில்லை. மறுபடியும் மூட்டை கட்டுவதா என்று வயசானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ராத்தூக்கத்தில் அலறின. ஹபீபு கோர்ட்டுக்கு ஓடினான். பட்டை முறைக்கு நீங்களே ஒப்புக்கொண்டு, அதில் அனுமதியும் வாங்கிவிட்டு, இப்போது முறை சரியில்லை என்றால் எப்படி என்று அங்கே கேட்டார்கள்.

கோமதிநாயகம் மட்டும் தைரியமாக இருந்தார். நாங்க இருக்கோம்ல பாய், விட்டுருவமா என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவரைப் போலவே நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மளிகைக்கடைக்காரர் அழுதார். நர்சம்மா மகராஜனைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினாள். பலகையில் பச்சை எரிந்தது. மறுநாளும் பச்சை. மாதம் பாதி கழிந்தும் பச்சை.

ஒரு மத்தியானம் மங்கை அலறிக்கொண்டு பேட்டரிக் கடைக்கு ஓடிவந்தாள். அப்பாவை வந்து பாருங்க மாமா என்றாள். சதக்கு மூச்சிரைக்க மொட்டைமாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரின்மேல், கோமதிநாயகம் வேட்டி காற்றில் படபடக்க நின்றுகொண்டிருந்தார். கீழே ஐந்து மாடி ஆழம். மணிக்கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க."

"இருங்க பாய், இப்பத்தான் லேசாப் படபடங்குது. சத்தம் போடாதீங்க."

சதக்கு பின்பக்கமாகப் போய் இடுப்பைப் பிடித்து இறக்கினார். ரெண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். கோமதிநாயகம் மகளைப் பார்த்து, பயம் ஏறிச்சா என்று கேட்டார். ஏறிச்சுப்பா, உங்க ஒருத்தருக்கு மட்டும், சராசரியில அது ஒண்ணுமே இல்லப்பா என்றாள் மங்கை. கோமதிநாயகம் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்ன செஞ்சாலும் வரமாட்டேங்குது பாய். உங்களைக் காலி பண்ணச் சொல்றாங்கன்னு நினைச்சா அழுகை வருது, கோவம் வருது, சோறு இறங்க மாட்டேங்குது. பயம் மட்டும் வரல. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இந்த எழவெடுத்த உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு."

சதக்கு அவர் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்படி ஒரு மனுஷன் எதிர்வீட்டில் இருக்கும்போது ஊரைவிட்டுப் போகப்போகிறோமே என்று அவருக்குத்தான் வருத்தமாக இருந்தது. வருத்தத்தை அளக்க அந்தப் பட்டையில் ஏதாவது இருக்கிறதா என்று மங்கையிடம் கேட்டார். இல்லை மாமா, பயத்துக்கு மட்டும்தான் என்றாள்.

கோமதிநாயகத்தை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவரும் மங்கையும் படியிறங்கி வந்தார்கள். கீழே கார் நிறுத்துகிற இடம் காலியாகக் கிடந்தது. சதக்கு நின்றார். அந்தக் கேள்வியை ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் கேட்டார்.

"எங்க கையில பட்டை இருந்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

மங்கை விலகி நடக்கப் பார்த்தாள். அவர் மறித்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

"முதல் நாளே சிவப்பு எரிஞ்சிருக்கும் மாமா. வேற யாரும் பயப்பட வேண்டியதே இல்ல. உங்க நாலு தெருப் பயம் ஒண்ணே போதும். மனுவைத் தள்ளிருப்பாங்க."

சதக்கு சரி என்று தலையாட்டினார். ஹபீபிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு கடைக்குப் போய், ரிப்பேருக்கு வந்திருந்த பேட்டரிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

மாதக் கடைசியில் லாரிகள் வந்தன. சாமான் ஏற்றும்போது சதக்குவின் பிடியிலிருந்து கட்டில்கால் ரெண்டு தடவை நழுவியது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது ஹபீபு பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். சதக்கு பார்த்தார். ஊர் நிம்மதியாக இருப்பதாகப் போட்டிருந்தது.